இடுப்புல எம்ஆர்ஐ எடுத்தாச்சு, முட்டியை யாரும் பாக்கலையே!

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 43. பூக்கட்டுற வேலை, தினமும் ஆறேழு மணி நேரம் தரையில சம்மணம் போட்டுதான் உக்காருவேன். எட்டு மாசமா வலது முட்டிக்கு வெளிப்பக்கம் ஆரம்பிச்சு கெண்டைக்கால் ஓரமா இறங்கி பாதத்து மேல வரைக்கும் சுரீர் சுரீர்னு இழுக்குது. இடுப்புல எம்ஆர்ஐ எடுத்து டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு, சயாட்டிகான்னாங்க, மாத்திரை, பெல்ட், டிராக்ஷன் எல்லாம் ஆச்சு, கேக்கல. ஒரு மாசமா அந்தக் கால் செருப்பு மட்டும் நடக்கும்போது கழண்டு போயிடுது, வாசப்படி தடுக்கி ரெண்டு தடவை விழுந்துட்டேன். இப்ப முட்டிகிட்ட எம்ஆர்ஐ எடுத்து நரம்புக்குள்ள கேங்லியன் சிஸ்ட்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இது கேன்சரா? சம்மணம் போட்டதாலதான் வந்துச்சா?
- வாசகி, மதுரை

பதில்: இல்லம்மா, கேங்லியன் சிஸ்ட்ங்கிறது மூட்டுத் திரவம் தேங்கி உப்பின ஒரு பை, அது கேன்சர் கிடையாது, கேன்சரா மாறவும் மாறாது. அந்த பயத்தை முதல்ல இறக்கி வைங்க. ஆனா செருப்பு கழண்டு போகுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, வலியை விட எனக்கு அதுதான் கவலையா இருக்கு. பாதத்தைத் தூக்குற தசைக்குப் போற நரம்பு அழுந்துதுன்னு அர்த்தம்.

முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், கெண்டைக்கால் வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பான ஃபிபுலாவோட தலை அது. அதுக்குக் கொஞ்சம் கீழ, கழுத்துன்னு சொல்ற இடத்துல, நான் சொன்ன அந்தப் பாதம் தூக்குற நரம்பு, பேரு பெரோனியல் நரம்பு, தோலுக்கு ரொம்ப கிட்டக்கவே சுத்திப் போகுது. அங்க ஒரு சின்ன மூட்டும் இருக்கு, அந்த மூட்டுக்கு இந்த நரம்புலேர்ந்து நூல் மாதிரி ஒரு கிளை போகும். மூட்டு உறையில ஓட்டை விழுந்துட்டா உள்ள இருக்கிற திரவம் அந்தக் கிளைக்குள்ள புகுந்து, மெல்ல ஏறி, பெரிய நரம்போட உறைக்குள்ளயே தேங்கிடுது. கத்தாழைச் சோறு மாதிரி கொழகொழன்னு இருக்கும். அது உப்ப உப்ப நரம்பு இழைகள் நசுங்குது, அதான் உங்களுக்கு சுரீர்னு இழுக்குது. சில பேருக்கு நிறைய நடந்த அன்னைக்கு வலி கூடும், ஓய்வெடுத்தா குறையும்.

1810லயே பிரான்ஸ்ல போஷேன்னு ஒரு டாக்டர் முழங்கை நரம்புல இதே மாதிரி சிஸ்டைப் பாத்து எழுதியிருக்கார். ஆனா மூட்டுலேர்ந்துதான் வருதுங்கிறதை அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர் ராபர்ட் ஸ்பின்னரும் அவரோட சேர்ந்தவங்களும் 2003ல தெளிவா எடுத்துச் சொன்னாங்க, அதுக்கப்புறம்தான் ஆபரேஷன் பண்ற முறையே மாறுச்சு.

இடுப்பு டிஸ்க்கோட குழப்பம் வர்றது சகஜம்தான், ஏன்னா இடுப்புத் தண்டுவடத்துலேர்ந்து காலுக்கு வர்ற எல்5ங்கிற நரம்பு வேர் அழுந்தினாலும் இதே இடத்துல வலிக்கும், பாதமும் தொங்கும். வலியே இல்லாதவங்க இடுப்பை ஸ்கேன் பண்ணாலும் எத்தனையோ பேருக்கு டிஸ்க் லேசா பிதுங்கித்தான் இருக்கும், அதனால ரிப்போர்ட்ல அந்த வரி இருக்குன்னு அதோட நிறுத்திடக்கூடாது. பாதத்தை உள்பக்கமா திருப்பச் சொல்லிப் பாத்தா எல்5 பிரச்சனையில அதுலயும் பலம் குறையும், உங்க மாதிரி முட்டிகிட்ட அழுந்தினா அது நல்லாவே இருக்கும், மேல தூக்குறதும் வெளிப்பக்கம் திருப்புறதும்தான் போயிருக்கும். ஃபிபுலா கழுத்துகிட்ட விரலால லேசா தட்டினா பாதத்து மேல வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஓடும். ரெண்டுமே ரெண்டு நிமிஷம் ஆகாத பரிசோதனை, எட்டு மாசத்துல உங்களுக்கு யாராவது பண்ணியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

சம்மணம் போட்டதால சிஸ்ட் வந்துச்சுன்னு உங்களை நீங்களே நொந்துக்காதீங்க. ஆனா ஏற்கெனவே நசுங்கின நரம்பு, இன்னும் அழுத்த வேணாம், ஸ்டூல் போட்டு உக்காந்து பூ கட்டுங்க. கால் மேல கால் போடாதீங்க. எண்ணெய் போட்டு அந்த இடத்தை உருவி விடுறேன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு வேணாம்.

ஊசி போட்டு உறிஞ்சிட்டா போதும்னு சிலர் சொல்லலாம், ஆனா மூட்டுலேர்ந்து வர்ற வழி திறந்தே இருந்தா திரும்ப நிறைஞ்சிடும். அந்த சின்னக் கிளையைக் கட்டி அறுத்துவிட்டு சிஸ்ட்டைத் திறந்து விடுறதுதான் சரியான ஆபரேஷன், சில சமயம் அந்த மூட்டையும் சரி பண்ணுவாங்க. சிஸ்ட் சுவரை முழுசா உரிச்செடுக்கப் போனா நல்ல நரம்பு இழையும் சேர்ந்து அறுபடலாம். நரம்பு ஆபரேஷன் பண்ணிப் பழகின சர்ஜனைப் பாருங்க, "மூட்டுக்குப் போற கிளையைக் கட்டுவீங்களா"ன்னு வாய்விட்டே கேளுங்க. நரம்புல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு பாக்குற நெர்வ் கண்டக்ஷன், தசையைப் பாக்குற ஈஎம்ஜி ரெண்டு டெஸ்ட்டும் எடுக்கலைன்னா எடுத்துடுங்க, நரம்பு எவ்வளவு பாதிச்சிருக்குன்னு தெரியும்.

தள்ளிப் போடாதீங்கம்மா. வலி பெரும்பாலும் சீக்கிரமே குறைஞ்சிடும், ஆனா பாதத்துக்கு பலம் திரும்புறதுக்கு மாசக்கணக்குல ஆகும், நரம்பு வளர்றதே நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். அதுவரைக்கும் பாதம் தொங்காம இருக்க ஸ்ப்ளின்ட் வாங்கிப் போட்டுக்கோங்க, செருப்புக்குப் பதிலா பின்னால வார் வச்ச சாண்டல் போடுங்க.