பாதுகாப்பு அச்சுறுத்தலைக் காரணம் காட்டி ஒரு பெரிய விளையாட்டுப் போட்டியை ரத்து செய்வது சரியா?

சரி என்பதே என் கருத்து. ஆனால் ரத்து செய்தவர்களுக்கு அதன் பிறகும் ஒரு கடமை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. மோட்டார் பந்தயங்களை நெடுங்காலமாகப் பின்தொடர்பவன் என்பதால், பாலைவனங்களைக் கடந்து செல்லும் நெடுந்தூர வாகனப் பந்தயமான டக்கார் ராலியை, அதன் 2008ஆம் ஆண்டுப் போட்டியை வைத்தே பதில் சொல்கிறேன்.

அந்த ராலி ஜனவரி 5 அன்று லிஸ்பனில் தொடங்கி, மொராக்கோ, மொரிட்டானியா வழியாக செனகலின் தலைநகரான டக்காரைச் சென்றடைய வேண்டும். அதற்குச் சில நாட்கள் முன்பு, 2007 டிசம்பர் 24 அன்று, மொரிட்டானியாவின் அலெக் நகருக்கு அருகே பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து அந்நாட்டு ராணுவ வீரர்களும் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். பிரெஞ்சு அரசு எச்சரித்ததையும், தீவிரவாதக் குழுக்கள் ராலிக்கே நேரடியாக மிரட்டல் விடுத்திருந்ததையும் சொல்லி, ராலியை நடத்தும் ஏ.எஸ்.ஓ. என்ற பிரெஞ்சு நிறுவனம் தொடக்கத்துக்கு முந்தைய நாள் போட்டியை ரத்து செய்தது. 1978 டிசம்பரில் முதல் ராலி பாரிஸிலிருந்து புறப்பட்ட காலம் தொட்டு, அதற்கு முன் ஒருமுறைகூட ராலி முழுமையாக ரத்தானதில்லை.

மொரிட்டானிய அரசு 3,000 பேர் கொண்ட பாதுகாப்புப் படையை நிறுத்துவதாக உறுதியளித்திருந்தும் ஏன் இந்த முடிவு என்று பலர் கோபப்பட்டனர். அவர்கள் ராலியின் தன்மையை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டரங்கத்துக்கு வாசல்கள் உண்டு. வாசலில் சோதனை போட்டால் உள்ளே இருப்பவர்களை ஓரளவு காக்கலாம். பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ஒரு கட்டத்தில் (ராலியின் ஒரு பகுதி ஓட்டத்தில்), மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் வழிக்குறிப்பைப் பார்த்தபடி தன்னந்தனியாகச் செல்கிறார். வண்டி பழுதாகி நின்றால், உதவி லாரி வந்து சேரும்வரை, சில சமயம் இரவு முழுவதும், மணலில் அவர் ஒருவரே காத்திருக்க வேண்டும். அந்த நீளம் முழுவதற்கும் எந்தப் படையாலும் காவல் நிற்க முடியாது. 2000ஆம் ஆண்டில் நைஜரில் மிரட்டல் எழுந்தபோது, போட்டியாளர்களையும் வாகனங்களையும் சரக்கு விமானங்களில் ஏற்றி லிபியாவில் இறக்கிப் போட்டியைத் தொடர்ந்தார்கள். 2008இல் பதினைந்து கட்டங்களில் எட்டு மொரிட்டானியாவிலேயே இருந்ததால், அவற்றை வெட்டிவிட்டுப் போட்டியை நடத்த வழியே இல்லை.

இதில் அரசியலும் கலந்திருந்தது. மொரிட்டானியாவில் 2007இல்தான் தேர்தல் மூலம் ஒரு குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்திருந்தார். அந்த நாடு பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு, அதன் முன்னாள் காலனி ஆட்சியாளரான பிரான்சின் வெளியுறவு அமைச்சகம் சொன்னதே கடைசி வார்த்தையாக அமைந்தது. அதனால் மொரிட்டானியர்கள் புண்பட்டதை நான் புரிந்துகொள்கிறேன். இருந்தாலும், நூற்றுக்கணக்கான போட்டியாளர்களின் உயிருக்குப் பொறுப்பேற்றவர்கள், மிரட்டல் இருப்பது தெரிந்த பிறகு அவர்களை அனுப்பியிருந்தால் அதை மன்னிக்கவே முடியாது.

என்னால் ஏற்க முடியாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். ரத்தான சில வாரங்களிலேயே அடுத்த ராலி அர்ஜென்டினாவிலும் சிலியிலும் நடக்கும் என்று அறிவித்தார்கள். 2019 வரை தென் அமெரிக்கா, 2020 முதல் சவுதி அரேபியா என்று இடம் மாறிய போட்டி, டக்கார் என்ற பெயரை மட்டும் விடவில்லை. மொரிட்டானியாவில் வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் ஒவ்வொரு ஜனவரியையும் நம்பியிருந்தவர்கள். ஒரு கொலைக்கும்பல் செய்ததற்கு அவர்கள் ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்தார்கள். எந்தச் சூழல் அமைந்தால் திரும்பி வருவோம் என்று அமைப்பாளர்கள் அன்றே அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். டக்கார் ராலியின் முன்னாள் சாம்பியன் ஊபெர் ஓரியோல் முன்னின்று தொடங்கிய ஆப்பிரிக்கா எக்கோ ரேஸ் என்ற வேறொரு ராலி, அளவில் சிறியதுதான் என்றாலும், அதே மொரிட்டானிய மணலைக் கடந்து டக்காருக்கு அருகிலுள்ள ரோஸ் ஏரிக்கரையில் பலமுறை முடிந்திருக்கிறது.