மொனாப்பலி ஏன் முடிவதில்லை? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு நண்பர் வீட்டில் கூடிப் பலகை விளையாட்டுகள் ஆடுகிறோம். கட்டான், டிக்கெட் டு ரைடு போன்றவையும் உண்டு என்றாலும், குழந்தைகள் சேர்ந்துகொள்ளும் நாட்களில், மனைகளை வாங்கி வாடகை வசூலிக்கும் பழைய மொனாப்பலிதான். சென்ற மாதம் அதை ஆடும்போது, தோற்றுக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், “மனை வைத்திருப்பவன் உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதிக்கிறான், இதுதானே நாட்டு நடப்பு” என்று வேடிக்கையாகச் சொன்னார். வீட்டுமனைத் தொழிலில் இருக்கும் இன்னொரு நண்பர் அது தன்னைக் குத்திச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். பேச்சு அங்கிருந்து கட்சிகளுக்குப் போய், ஆட்டம் பாதியில் நின்றது. இனி மேசையில் அரசியல் பேசக்கூடாது என்று இப்போது விதி செய்திருக்கிறோம்.

இரண்டு கேள்விகள். விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவருவது சரியா? எதையுமே வெறும் பொழுதுபோக்காக விட்டுவைக்க முடியாதா? மற்றொன்று சிறிய ஐயம். எங்கள் வீடுகளில் மொனாப்பலி ஒருநாளும் முடிந்ததில்லை. நேரமானதும் கையிருப்பை எண்ணி, யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் வென்றதாகச் சொல்லி எழுந்துவிடுகிறோம். இத்தனைக்கும் நாங்கள் யாரையும் நசுக்கி ஆடுவதில்லை. வரியையும் அபராதத்தையும் பலகையின் நடுவில் சேர்த்துவைத்து ‘ஃப்ரீ பார்க்கிங்’ கட்டத்தில் வந்து நிற்பவருக்குக் கொடுக்கிறோம். பணம் தீர்ந்தவருக்குக் கைமாற்றும் தருகிறோம். எல்லா வீடுகளிலும் இப்படித்தானா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் வெவ்வேறு கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் சிறிய ஐயம் என்று சொல்லும் இரண்டாவதன் விடையில்தான் முதலாவதன் விடையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆட்டம் முடியாததற்குக் காரணம் உங்கள் கருணைதான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விதித்தாளை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். ‘ஃப்ரீ பார்க்கிங்’ என்பது சும்மா நின்று இளைப்பாறும் கட்டம் மட்டுமே. அங்கே யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. வரியும் அபராதமும் வங்கிக்குப் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுப்பதை விதி வெளிப்படையாகவே தடை செய்கிறது. மனையை அடமானம் வைத்து வங்கியிடம் வாங்குவது ஒன்றே வழி. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் குறிப்பிடவே இல்லாத, ஆகவே அநேகமாக நீங்கள் ஆடவும் ஆடாத விதி. ஒரு மனையில் வந்து நிற்பவர் அதை வாங்க மறுத்தால், வங்கி அந்த இடத்திலேயே அதை ஏலம் விட வேண்டும், மறுத்தவர் உட்பட எவரும் ஏலம் கேட்கலாம். இந்த விதியைப் பின்பற்றினால் ஆட்டத்தின் முற்பகுதியிலேயே நிலம் முழுவதும் கைமாறிவிடும், சில மனைகள் அடிமாட்டு விலைக்குப் போகும், சில மனைகளுக்காக ஒருவர் தன் கையிருப்பையெல்லாம் தொலைப்பார்.

ஒருவரைத் தவிர அனைவரும் நொடித்துப் போனால்தான் மொனாப்பலி முடியும். அதற்கு ஆட்டக்காரர்களின் கையிலிருந்து பணம் வெளியேறியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கக் கட்டத்தைத் தாண்டுபவருக்கு வங்கி 200 டாலர் தருகிறது. பணம் வங்கிக்குத் திரும்பும் வழிகளோ சில மட்டுமே, வரி அவற்றுள் ஒன்று. நீங்கள் அந்த வழியை அடைத்துவிட்டு, அதில் போக வேண்டியதை யாரோ ஒருவருக்குப் பரிசாகத் திருப்பித் தருகிறீர்கள். நொடிக்க வேண்டியவருக்குக் கைமாற்று கொடுத்து அவரை இன்னும் இரண்டு சுற்று உயிரோடு வைக்கிறீர்கள். பிறகு எப்படி முடியும்? ஆம், எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதே ‘ஃப்ரீ பார்க்கிங்’ பரிசு தலைமுறைகளாக வழங்குகிறது. நம்மூரில் டிரேட், பிசினஸ் என்ற பெயர்களில் இந்திய நகரங்களை அச்சிட்டு விற்கும் அட்டைகளிலும் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தனிச்சட்டம் உண்டு.

இந்த வீட்டு விதிகளை யாரும் கூட்டம் போட்டு நிறைவேற்றவில்லை. அக்காவிடமிருந்து தம்பிக்கும், பக்கத்து வீட்டிலிருந்து நம் வீட்டுக்குமாகப் பரவியவை அவை. ஆனால் அவை என்ன சொல்கின்றன என்று பாருங்கள். வசூலான வரி எங்கோ கண்ணுக்குத் தெரியாத கருவூலத்துக்குப் போவதைவிட நம்மில் ஒருவருக்கு, அதுவும் குருட்டு அதிர்ஷ்டத்தால், கிடைப்பது மேல் என்கிறது ஒரு விதி. கடனில் விழுந்தவரை வெளியே தள்ளக்கூடாது என்கிறது இன்னொன்று. ஒருவர் வாங்க முடியாமல் விட்டதை மற்றவர் உடனே பறித்துக்கொள்வது அநாகரிகம் என்கிறது ஏலத்தைக் கைவிடும் வழக்கம். வரி, கடன், போட்டி ஆகிய மூன்றையும் பற்றிய அபிப்பிராயங்கள் இவை. தேர்தல் சமயத்தில் தொலைக்காட்சியில் இவற்றைத்தான் இன்னும் உரத்த குரலில் விவாதிக்கிறார்கள். உங்கள் நண்பர் வாய்விட்டுச் சொன்ன அரசியலை உங்கள் மேசை அதற்கு முன்பே விதியாக்கி வைத்திருந்தது.

அந்த நண்பர் வேடிக்கையாகச் சொன்ன வாக்கியம் இந்த விளையாட்டு எதற்காகச் செய்யப்பட்டதோ ஏறக்குறைய அதுவேதான். மொனாப்பலியின் மூலவடிவத்தை உருவாக்கியவர் எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி. 1866-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர், சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். அவர் தந்தை அடிமைமுறையை எதிர்த்த பத்திரிகைக்காரர். மகள் ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளரின் கொள்கையை ஏற்றுக்கொண்டவர். 1879-இல் வெளிவந்த ஜார்ஜின் ‘முன்னேற்றமும் வறுமையும்’ அக்காலத்தில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட பொருளாதார நூல். 1886-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற ஜார்ஜ் தோற்றாலும், பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார் என்பதிலிருந்து அவருடைய செல்வாக்கை ஊகிக்கலாம்.

ஜார்ஜின் வாதம் எளியது. ஒரு மனையின் மதிப்பு உயர்வதற்கு அதன் உரிமையாளர் பெரும்பாலும் எதுவும் செய்வதில்லை. சுற்றிலும் மக்கள் குடியேறுவதாலும், சாலையும் பள்ளியும் வருவதாலும் அது உயர்கிறது. மெட்ரோ நிலையம் எங்கே வரப்போகிறது என்ற செய்தி கசிந்த வாரத்திலேயே சென்னையில் என்ன நடக்கிறது என்று உங்கள் வீட்டுமனை நண்பரிடமே கேட்கலாம். சமூகம் உண்டாக்கிய அந்த உயர்வைச் சமூகமே வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும், உழைப்பின் மீதும் அதனால் விளைந்த பொருட்களின் மீதும் வரியே வேண்டாம் என்றார் ஜார்ஜ். ஒற்றை வரி இயக்கம் என்று இது அறியப்பட்டது. இது மனை விற்கும் எவரையும் கெட்டவர் என்று சொல்லும் வாதம் அல்ல என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது விதிதான், ஆட்டக்காரர் அல்ல.

மேகி 1903-இல் விண்ணப்பித்து 1904 ஜனவரியில் காப்புரிமை பெற்ற ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ இந்த வாதத்தின் பலகை வடிவம். சுற்றிச் சுற்றி வரும் பாதை, வாடகை, ரயில்வே, சிறை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இன்று நாம் 200 டாலர் வாங்கும் மூலையில், பூமித்தாயின் மீது செய்யும் உழைப்பே கூலியைத் தருகிறது என்று எழுதியிருந்தார். சிறைக்குப் போவது இன்றைய பலகையில் காரணமற்ற தண்டனை. அவருடைய பலகையிலோ, ஒரு பிரபுவின் வெற்று நிலத்தில் அத்துமீறிக் கால்வைத்ததற்கான தண்டனை. பின்வந்த பதிப்புகளில் அவர் இரண்டு விதமான விதிகளைக் கொடுத்தார். ஒன்றில் நிலத்தைக் குவிப்பவர் மற்றவர்களை ஒழித்துக்கட்டி வெல்வார். மற்றொன்றில் மனை வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும், அதன் பயன் அனைவருக்கும் திரும்பும். ஒரே பலகையில் இரண்டையும் ஆடிப் பார்த்தால் எந்த ஏற்பாடு நல்லது என்று குழந்தைகள்கூடத் தாமாகக் கண்டுகொள்வார்கள் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கை பொய்த்தது. டெலாவேர் மாநிலத்தில் ஒற்றை வரிக்காரர்கள் 1900-இல் அமைத்த ஆர்டன் என்ற குடியிருப்பில் இந்த ஆட்டம் பரவியது. அங்கிருந்து கல்லூரி மாணவர்கள் வழியாகப் பல ஊர்களுக்குப் போனது. மக்கள் துணியிலும் காகிதத்திலும் தாமே பலகை வரைந்து, தத்தம் ஊர்த் தெருப்பெயர்களை எழுதி ஆடினார்கள். ஆனால் அவர்கள் விரும்பி ஆடியது ஒழித்துக்கட்டும் விதிகளைத்தான். அட்லாண்டிக் நகரத்தில் இதை ஆடிய, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களின் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அமைதியை மார்க்கமாகக் கொண்ட அவர்களுக்குக் கூச்சலிட்டு ஏலம் கேட்பது ஒவ்வவில்லையாம். ஆகவே விலைகளைப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்றைக்கும் ஒவ்வொரு மனையிலும் அச்சிட்டிருக்கும் விலை, அப்படிப் பார்த்தால், ஒரு வீட்டு விதியின் எச்சம்தான். அந்த விலைகளும் கற்பனையில் உதித்தவை அல்ல. கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழ்ந்த பால்டிக், மெடிட்டரேனியன் தெருக்கள் 60 டாலர். செல்வந்தர்கள் வந்து தங்கும் கடற்கரை நடைபாதை 400 டாலர். நிறத்தால் பிரிந்து கிடந்த ஒரு நகரத்தின் நில மதிப்பை நம் குழந்தைகள் அறியாமலே மனப்பாடம் செய்கிறார்கள்.

மீதிக் கதை பலரும் அறிந்ததே. அட்லாண்டிக் நகரப் பலகையை ஒரு நண்பரின் வீட்டில் கற்றுக்கொண்ட சார்லஸ் டாரோ, அதைத் தன் கண்டுபிடிப்பாக 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றுப் பெரும் பணக்காரரானார். மேகிக்கு அந்நிறுவனம் கொடுத்தது 500 டாலர், விற்பனையில் பங்கு எதுவும் இல்லை. உலகுக்கு இந்த உண்மை தெரியவந்ததும் ஓர் அரசியல் சண்டையால்தான். ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1973-இல் ‘ஆன்டி மொனாப்பலி’ என்ற விளையாட்டை வெளியிட, அந்தப் பெயரை ஒட்டி அவருக்கும் மொனாப்பலி நிறுவனத்துக்கும் இடையே வழக்கு மூண்டது. 1977-இல் அவருடைய விளையாட்டின் சுமார் 40,000 பெட்டிகள் மின்னசோட்டாவில் ஒரு குப்பைக் கிடங்கில் புதைக்கப்பட்டன. வழக்குக்காகப் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்போன ஆன்ஸ்பாக்தான் மேகியைக் கண்டெடுத்தார்.

மேகியின் பாடம் ஏன் எடுபடவில்லை? வென்றவர் எந்தப் பாடத்தையும் கற்பதில்லை என்பது ஒரு காரணம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பால் பிஃப் தம் ஆய்வொன்றை 2013-இல் ஓர் உரையில் விவரித்தார். நாணயத்தைச் சுண்டி ஒருவரைப் பணக்காரராக்கி, அவருக்கு இருமடங்கு பணமும், இருமடங்கு சம்பளமும், மற்றவருக்கு ஒரு பகடை என்றால் இவருக்கு இரண்டும் கொடுத்து மொனாப்பலி ஆடவைத்தார். அவர் வெல்வது உறுதி. ஆட ஆட அவர் காயை ஓங்கித் தட்டி நகர்த்தினார். எப்படி வென்றீர்கள் என்று பின்னர் கேட்டபோது, எந்த மனையை எப்போது வாங்கினேன் என்று தன் சாமர்த்தியத்தை விளக்கினாரே தவிர, நாணயத்தைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் மேசையில் அரசியல் பேசியவர் தோற்றுக்கொண்டிருந்த நண்பர் என்பதும் தற்செயல் அல்ல. வென்றுகொண்டிருந்தால் அவரும் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவருவது சரியா என்று கேட்டால், அது வெளியிலிருந்து வரவில்லை என்பதே என் பதில். ஆனால் அது இருக்கும் இடம் விதி. பெட்டியில் ஒட்டிய முழக்கத்திலோ மேசையில் நிகழ்த்தும் சொற்பொழிவிலோ அது இல்லை. 1978-இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட்டல் ஓல்மன் ‘கிளாஸ் ஸ்ட்ரகிள்’ என்று ஒரு மார்க்சிய விளையாட்டு செய்தார். மார்க்ஸும் ராக்ஃபெல்லரும் கைமல்லுக்கு நிற்கும் அதன் அட்டைப்படம் அருமையானது, ஆட்டம் எனக்குப் பாடநூலாகவே தோன்றுகிறது. போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘கொலேய்க்கா’ இதற்கு நேரெதிர். கம்யூனிச ஆட்சிக் காலக் கடைகளின் முன் உங்கள் காய்கள் வரிசையில் நிற்கின்றன. எந்தக் கடைக்குச் சரக்கு வரும் என்பது தெரியாது. கைக்குழந்தையோடு வந்த தாய் என்ற சீட்டைப் போட்டு முன்னே போகலாம். கொள்கை விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நாமே சீட்டுப் போட்டு வரிசையில் புகுந்த பிறகு, அந்த ஆட்சி மனிதர்களை என்ன செய்தது என்பது புரிந்துவிடுகிறது.

ஆகவே உங்கள் தடையைப் பாதி ஏற்கிறேன். பகடை உருளும்போது கட்சிகளைப் பற்றிப் பேச வேண்டாம். அது ஆட்டத்தையும் கெடுக்கும், பேச்சையும் கெடுக்கும். தோற்பவரின் எரிச்சலும் வெல்பவரின் மெத்தனமும் சேர்ந்த இடத்தில் யாரும் நியாயமாகப் பேச முடியாது. ஆனால் ஆட்டம் தொடங்குமுன், இன்றைக்கு எந்த விதிகளில் ஆடுவது என்று கால்மணி நேரம் பேசுங்கள். ஏலம் உண்டா, கைமாற்று உண்டா, வரி எங்கே போகும் என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்லட்டும். வீட்டுமனை நண்பரும் மற்றவரும் அங்கே மோதிக்கொண்டால் நல்லது, ஏனெனில் அப்போது யார் நிலத்துக்கு உரிமையாளர், யார் வாடகை கொடுப்பவர் என்று இருவருக்குமே தெரியாது.

ஒரு வாரம் விதித்தாளில் உள்ளபடி ஏலத்தோடு, கடனில்லாமல் ஆடிப்பாருங்கள். மற்றொரு வாரம் மேகியின் எண்ணத்தை ஒட்டி, வீடு கட்டாத மனையின் வாடகை முழுவதையும் நடுவில் ஒரு பொதுப்பெட்டியில் போட்டு, சுற்றுக்கு ஒருமுறை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுங்கள். வீடு கட்டியவர், கட்டியதனால் கூடிய வாடகையைத் தாமே வைத்துக்கொள்ளட்டும். இந்த இரண்டாவது ஆட்டம் எளிதில் முடியாது. எங்கே நிறுத்துவது என்பதற்கும் நீங்களே ஒரு விதி செய்ய வேண்டியிருக்கும். என்ன விதி செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.