கோவெண்டர் என்றால் கோவைக்காரரா?

தம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து மூன்று மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் கோவெண்டர், "எங்கள் தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊர்?" என்று கேட்கிறார். "கவுண்டர்தானே, கோயம்புத்தூர்ப் பக்கம் என்று சொல்லிவிடவா?" என்கிறீர்கள்.

சொல்லிவிடாதீர்கள். பதினெட்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதையே அள்ளிவிட்டு அசடு வழிந்தவன் நான்.

கோவெண்டர் கவுண்டர்தான். இங்கே மூட்லி என்கிறவர் முதலி. ஆனால் கவுண்டர் பட்டம் கொங்கு நாட்டோடு நிற்பதில்லை, வட ஆர்க்காட்டு வன்னியருக்கும் உண்டு. நாயுடு என்றால் கேட்கவே வேண்டாம், பாதி வீட்டில் பாட்டி பேசியது தெலுங்கு. அப்புறம், 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இறங்கியவர்கள் ஒன்றரை லட்சம் பேர். அவர்களில் பலருக்குத் தன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். பின்னால் பிள்ளைகளைப் பதியும்போது ஒரு வீட்டில் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டது, இன்னொரு வீட்டில் தாத்தா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது.

அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரம், ஒப்பந்தம் முடிந்த சீட்டு, இப்படி எதிலாவது இருக்கும். பக்கத்து வீட்டில் அது பாட்டியின் பிஸ்கட் டின்னில், ரேஷன் அட்டை மாதிரி நான்காக மடிந்து கிடந்தது. எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அந்த ஆளின் வரியைப் பிடித்துவிடலாம்: அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை.

பக்கத்து வீட்டுக்காரரின் மூதாதை வரியில் ஜில்லா வட ஆர்க்காடு. தாணா 'கூடியாட்டம்'. வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. உரக்க நாலு தரம் சொல்லிப் பார்த்த பிறகுதான் குடியாத்தம் என்று உறைத்தது. ஊர்ப் பெயர் மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. அந்தக் காலத்து வட ஆர்க்காட்டில் சித்தூரும் சேர்த்தி என்பதை மறக்காதீர்கள், ஊர் இன்று ஆந்திராவிலும் இருக்கலாம்.

இன்னொன்று. "நீங்க என்ன ஆளுங்க?" என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள். இங்கே பலருக்கு அது வெறும் குடும்பப் பெயர். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வாங்க நாயுடுவும் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

எண் கிடைத்ததும் எழுதுங்கள். ஊர்ப் பெயரைச் சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.