நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அது இனவாதம் ஆகுமா?

ஆகும். நோக்கத்தைப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னவரோடு சண்டை பிடிப்பதா, இருத்தி வைத்துக் கதைப்பதா என்று முடிவெடுக்க அது வேண்டும். சொன்னது இனவாதமா என்று தீர்மானிக்க அது தேவையில்லை.

நான் கிளிநொச்சியில், மலையகச் சனம் (தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த தமிழர்) குடியேறிய கிராமத்தில் வளர்ந்தவள். 1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். கணக்கில் நான் முதலாவதாக வந்தபோது ரீச்சர் வகுப்புக்கு முன்னால் சொன்னார்: "இவளைப் பார்த்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளை எண்டே சொல்லேலாது." பாராட்டத்தான் சொன்னார். கொப்பி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தன் காசில் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் பின்வாங்கில் என் ஊர்ப் பிள்ளைகள் இருந்தார்கள். படிப்பு தங்களுக்கு வராது என்றுதான் அவர்களுக்கு அது கேட்டிருக்கும். அதற்கு ரீச்சரின் மனதில் வெறுப்பு இருக்கத் தேவையில்லை, ஊரில் ஊறிப்போன எண்ணமே போதும்.

அந்த எண்ணத்துக்கு வரலாறு உண்டு. 1948 குடியுரிமைச் சட்டம் இந்தச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆனது. கிளிநொச்சி இருக்கிற வன்னிப் பகுதிக்கு வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது மேட்டுக்காணியும் மற்றவர் வயலில் கூலி வேலையும். "வெயில் பாராமல் வேலை செய்யிற சனம்" என்று வயல்காரர் மனதாரப் புகழ்வார். அந்தச் சனத்துக்கு ஏன் சொந்த வயல் இல்லை என்று யாரும் கேட்காமல் இருக்க அந்தப் புகழ்ச்சி உதவுகிறது.

இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1982இல் சேர்ந்தது. அது பேச்சை விட நடத்தையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. ஆனாலும் பாகுபாட்டை வரையறுக்கும்போது நோக்கம் அல்லது விளைவு என்கிறது, இரண்டில் ஒன்று போதும். வம்சாவளியையும் சேர்த்திருக்கிறது. அதனால் தமிழருக்குத் தமிழர் சொன்னால் அது இனவாதமில்லை என்று சாட்டுச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

கொழும்பில் அறை தேடிப்போன பிள்ளையிடம் வீட்டுக்காரர் சிரித்தபடி "வன்னியா, அப்ப புலியோ?" என்று கேட்டால், பகிடிக்குத்தான் என்ற சமாதானத்தை எங்களில் யார் ஏற்போம்? எங்கள் வாயிலிருந்து வருவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

"தப்பா நினைச்சுச் சொல்லேல்லை" என்பவரை நான் நம்புகிறேன். அந்தச் சொல் யாரை எப்படித் தாக்குகிறது என்று பொறுமையாகச் சொல்வேன். அதைக் கேட்ட பிறகும் அதையே திரும்பச் சொல்பவரிடம் நோக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் இல்லை.