எருமைக்குப் பின்னால் என்ன நிற்கிறது? ஆப்பிரிக்க எருமை வேட்டையில் சுடும் கணம்: கேள்வி பதில்

ஜிம்பாப்வேயின் ஜாம்பசி பள்ளத்தாக்கில் பதினொரு வேட்டைப் பருவங்கள் வேலை செய்திருக்கிறேன். முதலில் முகாமின் வண்டிகளைப் பழுதுபார்ப்பவனாக இருந்தேன். பின்னர் பயிற்சி வேட்டையாளருக்கான தேர்வை எழுதி, உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டையாளருக்குத் துணையாக நடந்தேன். எருமையை எப்போது சுடுவது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நாம் ‘காட்டெருமை’ என்று அழைப்பது உண்மையில் காட்டு மாட்டினம். இங்கே பேசப்படுவது ஆப்பிரிக்காவின் கேப் எருமை.

கேள்வி (மதுரை): சுடலாம் என்று முடிவு செய்பவர் யார்? பணம் கட்டி வந்த விருந்தினரா, கூட வரும் தொழில்முறை வேட்டையாளரா?

இருவரும்தான், ஆனால் ஒரே விஷயத்தை இருவரும் முடிவு செய்வதில்லை. எந்த விலங்கு, அது சுடத்தக்க வயதுடையதா, அதன் முன்னும் பின்னும் வேறு விலங்கு உண்டா என்பதைத் தொழில்முறை வேட்டையாளர் தீர்மானிக்கிறார். இந்தத் தொலைவில், இந்த மூச்சிரைப்போடு, இந்தக் கோணத்தில் தன்னால் சரியான இடத்தில் சுட முடியுமா என்பதை விருந்தினர்தான் தீர்மானிக்க வேண்டும். தொழில்முறை வேட்டையாளர் ‘சுடலாம்’ என்று காதருகே சொல்வது அனுமதி மட்டுமே, கட்டளை அன்று. இதைப் புரிந்துகொள்ளாமல், அந்தச் சொல் காதில் விழுந்த உடனே விசையை இழுத்துவிடுபவர்களால்தான் பாதி விபரீதங்கள் நேர்கின்றன.

ஒரு நாளைச் சொல்கிறேன். விடியலில் நீர்க்குட்டையருகே நான்கு கிழட்டுக் காளைகளின் தடத்தை எடுத்து, மோபானி மரங்களுக்கிடையே நான்கு மணி நேரம் நடந்தோம். சாணத்தைக் காலால் உடைத்துப் பார்த்த தடம் காண்பவர், உள்ளே இன்னும் ஈரமும் சூடும் இருப்பதைக் காட்டிவிட்டு, இடுப்பிலிருந்த சிறு துணிப்பையைத் தட்டினார். அதிலிருந்து பறந்த சாம்பல் எங்கள் முகத்தை நோக்கி வந்தது. எங்கள் வாடை எருமைகளை எட்டாதபடி காற்று எங்களுக்குச் சாதகமாக இருந்தது. ஐம்பத்தைந்து மீட்டர் அளவில் அவை படுத்திருந்தன. முக்காலி ஊன்றப்பட்டது, விருந்தினர் ரைஃபிளை அதன்மேல் வைத்தார். நல்ல கொம்புடைய காளை எழுந்து பக்கவாட்டில் நின்றபோது, அதன் வயிற்றுக்குக் கீழே, அதற்குரியதல்லாத இரண்டு கால்கள் தெரிந்தன. பின்னால் இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. பதினொரு நிமிடங்கள் அப்படியே நின்றோம். விருந்தினரின் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பின்னால் நின்றது நகரத் தொடங்கிய அதே நேரத்தில், என் பிடரியில் குளிர்ச்சியாகக் காற்று பட்டது. அவ்வளவுதான், நான்கும் தலையைத் தூக்கின, காடு முறிகிற ஓசை மட்டும் மிஞ்சியது. அன்று ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. அந்தப் பருவத்தில் நான் கண்ட மிகச் சரியான முடிவு அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நல்ல குண்டு எருமையின் உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறக்கூடியது. பின்னால் நின்றதையும் காயப்படுத்தியிருந்தால், இரண்டு காயம்பட்ட எருமைகளைப் புதருக்குள் தேடியிருப்போம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): காளையின் வயதை அந்த அவசரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொம்பின் அகலத்தைப் பார்த்து மயங்காதீர்கள், நெற்றியைப் பாருங்கள். இரு கொம்புகளின் அடிப்பகுதியும் பருத்து நெற்றியை மூடும் கவசத்தை அங்கே ‘பாஸ்’ என்பார்கள். இளங்காளைக்கு அதன் நடுவே மயிரும் மென்மையான பகுதியும் தெரியும். ஏழெட்டு வயதைக் கடந்ததற்கு அது முழுவதும் இறுகி, பழைய மரப்பட்டையைப்போல் ஆகிவிடும். அகன்ற, கூரிய நுனியுள்ள கொம்பு பெரும்பாலும் இனப்பெருக்கத்தின் உச்சத்தில் இருக்கும் காளைக்கு உரியது. அதைச் சுடுவது மந்தைக்கு இழப்பு. நுனி தேய்ந்து, காது கிழிந்து, முகத்தில் மயிர் உதிர்ந்து, மந்தையை விட்டுப் பிரிந்து இரண்டு மூன்றாகச் சேற்றில் புரண்டு திரிபவற்றை ‘டாகா பாய்’ என்று அழைப்பார்கள். டாகா என்பது அங்கே சேற்றுக்கும் சுவரெழுப்பும் மண்குழைவுக்குமான சொல். உங்களுக்கு உரியது அது. வயதில் ஐயம் இருந்தால் சுடக்கூடாது. காளையின் பின்னால் வேறு எருமை நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): எந்த ரைஃபிள் சிறந்தது?

ஜிம்பாப்வேயில் எருமைக்குக் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் குண்டு விட்டமும் 5,300 ஜூல் ஆற்றலும் சட்டப்படி தேவை. 1912-இல் வெளிவந்த .375 ஹெச் அண்டு ஹெச் என்ற தோட்டா வகை இந்த இரண்டையும் கடக்கிறது. அதன் வழக்கமான குண்டு 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19.4 கிராம். .416 ரிக்பி அதைவிட வலிமையானது, தோளில் உதைப்பதும் அதற்கேற்ப அதிகம். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவர் கையில் .416 இருப்பதைவிட, பழகியவர் கையில் .375 இருப்பது எருமைக்கும் எங்களுக்கும் நல்லது. இதற்குமேல் இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): பக்கவாட்டில் நிற்கும்போது குறி எங்கே இருக்க வேண்டும்?

முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலேறுங்கள். நெஞ்சின் அடியிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நில்லுங்கள். இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு இடையே இருக்கிறது, அதன்மேல் நுரையீரல்கள். புதியவர்கள் செய்யும் பிழை மேலே சுடுவது. எருமையின் தோளுக்குமேல் தெரியும் உயரத்தில் பெரும்பகுதி முதுகெலும்பிலிருந்து எழும் முட்களும் தசையும்தான். அங்கே பட்டால் அது இடிந்து விழும், நீங்கள் கைகுலுக்கத் திரும்புவீர்கள், அது எழுந்து போய்விடும். விழுந்துவிட்டது என்பதற்காக முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

கேள்வி (டர்பன்): நேருக்கு நேர் நம்மைப் பார்த்து நிற்கும்போது சுடலாமா? நான் ஆறு எருமைகள் சுட்டிருக்கிறேன், அவற்றில் நான்கு நேர்முகமாக. மந்தை நம்மைக் கண்டுவிட்டால் அது திரும்பி நிற்கும்வரை காத்திருக்க நேரமே இராது.

முதல் தோட்டாவாக நான் பரிந்துரைக்க மாட்டேன். நேர்முகத்தில் இதயத்துக்கும் பெரிய ரத்தக் குழாய்களுக்கும் செல்லும் வழி, கழுத்தும் நெஞ்சும் சேரும் இடத்தில் ஒரு கையளவே. சற்று விலகினால் குண்டு ஒரு நுரையீரலை மட்டும் தொடும், அல்லது தோள் தசைக்கும் விலாவுக்கும் இடையே வெளிப்புறமாகவே ஓடிவிடும். எருமை மூக்கை உயர்த்தி நம்மைப் பார்க்கும்போது அந்த இடம் ஒரு மாதிரியும், தலையைத் தாழ்த்தும்போது வேறு மாதிரியும் தெரியும். தாழ்த்தினால் கொம்பும் மூக்கும் அதை மறைத்தே விடும். நாற்பது மீட்டருக்குள், முக்காலியின்மேல், அது தலையுயர்த்தி அசையாமல் நின்று, கூட இருப்பவரும் சம்மதித்தால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்கலாம்.

அதே வாசகர் மீண்டும்: இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை. நான்கும் செத்தன. ஒன்றில் மட்டும் என் வழிகாட்டியும் கூடச் சுட்டார்.

அந்த ஒன்றைப் பற்றியே பேசுவோம். அவர் ஏன் சுட்டார்? தொழில்முறை வேட்டையாளர் விருந்தினரின் விலங்கைத் தம் விருப்பத்துக்காகச் சுடுவதில்லை. அது புதருக்குள் நுழையும்முன் நிறுத்த வேண்டும் என்று அவர் கண் சொன்னபோதே சுடுவார். ஆகவே நான்கில் மூன்று என்பதே உங்கள் கணக்கு. நான்காவதன் கடனை இன்னொருவர் தீர்த்திருக்கிறார்.

கேள்வி (ஊட்டி, ஓய்வுபெற்ற வனத்துறைப் பணியாளர்): டர்பன் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நேராகப் பார்க்கும் விலங்கு அடுத்த நொடி ஓடிவிடும் என்பது என் அனுபவமும்கூட. வாய்ப்பு போய்விடாதா?

போகட்டும், ஐயா. உங்கள் கவனிப்பை மறுக்கவில்லை, அது ஓடத்தான் செய்யும். ஆனால் கலைந்த எருமைகள் பல வேளைகளில் சில நூறு மீட்டர் ஓடி, திரும்பி நின்று, எதைக் கண்டு ஓடினோம் என்று பார்க்கும். உடனே துரத்தாமல் அரை மணி நேரம் விட்டுத் தடத்தில் போனால் அதே நாளில் இரண்டாம் வாய்ப்பும் மூன்றாம் வாய்ப்பும் கிடைத்ததைக் கண்டிருக்கிறேன். காயப்படுத்திவிட்டால் கிடைப்பது வாய்ப்பு அன்று. ஒருமுறை மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில், ‘இன்றைக்குக் கடைசி நாள்’ என்ற அவசரத்தில் ஒரு விருந்தினர் நேர்முகமாகச் சுட்டார். இலையில் கிடைத்த ரத்தம், நுரையீரலில் பட்டதைக் காட்டும் நுரைத்த இளஞ்சிவப்பாக இல்லாமல் கருஞ்சிவப்பாக, சிறு சொட்டுகளாக இருந்தது. இரவெல்லாம் ஒருவரும் சரியாக உறங்கவில்லை. மறுநாள் காலை, ஜெஸ் என்று அங்கே அழைக்கும் பின்னிக் கிடக்கும் புதருக்குள் குனிந்தே நடந்தோம். ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த எருமை தன் தடத்தை விட்டு வளைந்து வந்து, நாங்கள் வரும் வழியைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றது. அதைத் தடம் காண்பவர் பார்த்தது கண்ணால் அல்ல, அதன் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் சீறிப் பறந்ததால். அவர் உயிரோடு இருக்கிறார். முன்னால் நிராயுதபாணியாக நடப்பவர் அவர்தான் என்பதை, நேர்முகமாகச் சுட விரும்பும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

டர்பன் வாசகர் மூன்றாம் முறை: அது வெளிச்சத்தின் பிழை, கோணத்தின் பிழை அன்று.

இரண்டின் பிழையும்தான். வெளிச்சம் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சூரியன் மறைந்தபின் புதிதாக ஒரு எருமையைச் சுடவே கூடாது, ஏனெனில் தேடுவதற்கு நேரம் இல்லை. கோணத்தைப் பற்றி இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை, ஆகவே நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (திருச்சி): இந்தியாவில் இப்படி வேட்டையாட அனுமதி கிடைக்குமா?

கிடைக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள்.

கேள்வி (துபாய்): .375-ஆ, .416-ஆ?

சிங்கப்பூர் வாசகருக்கு எழுதியதைப் பார்க்கவும்.

கேள்வி (சென்னை): மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

இது என் துறை அன்று. வேட்டை ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்வேன்: பெரும்பாலான ஒப்பந்தங்களில், காயப்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் உண்டு. அந்தப் பத்தியைக் கையெழுத்திடும்முன் படித்தவர்கள் விசையைச் சற்று மெதுவாகத் தொடுகிறார்கள்.

கேள்வி (ஈரோடு): இது பாவமில்லையா?

அப்படி நினைப்பவரிடம் வாதிட மாட்டேன். கென்யா 1977-இல் இதை முற்றிலும் தடை செய்தது, அதற்கும் காரணங்கள் இருந்தன. ஜிம்பாப்வே வேறு வழியில் சென்றது. 1989-இல் தொடங்கிய கேம்ப்ஃபயர் திட்டத்தின்படி, காட்டோர ஊராட்சிகளுக்கு வேட்டை வருமானத்தில் பங்கு உண்டு. எவ்வளவு ஊரைப் போய்ச் சேர்கிறது என்பதில் அங்கேயே சண்டை நடக்கிறது. நான் கண்ணால் கண்டது இறைச்சியை மட்டும்: மாலைக்குள் ஒரு எலும்பும் வீணாகாமல் அது பங்கிடப்பட்டுவிடும்.

கேள்வி (கண்டி): முதல் தோட்டா பட்டபின் என்ன செய்ய வேண்டும்?

பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். அது காலூன்றி நிற்கும் வரையிலும், பின்னால் வேறு எருமை இல்லாவிட்டால், மீண்டும் சுடுங்கள். முதல் தோட்டா நன்றாகப் பட்டது என்ற பெருமிதத்தில் இரண்டாவதைச் சேமிப்பவர்களை நான் மதிப்பதில்லை. புதருக்குள் மறைந்துவிட்டால் அமைதியாக நின்று கேளுங்கள். நீண்ட, துயரமான ஒரு முக்காரம் வரும். அது இறக்கும்போது எழுப்பும் ஒலி. அது வந்தாலும் உடனே ஓடாமல், இருபது முப்பது நிமிடம் பொறுத்து, பின்புறமாக அணுகி, நீண்ட குச்சியின் நுனியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமை அசையாவிட்டால் ரைஃபிளை இறக்கலாம். முக்காரம் கேட்காவிட்டால், நீங்கள் வண்டியில் இருப்பதா, கூட வருவதா என்பதைத் தொழில்முறை வேட்டையாளர் சொல்வார். ‘இங்கேயே இருங்கள்’ என்றால் அதை அவமானமாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): ஐயா, எருமைக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?

சிங்கப்பூர்.