எறும்பு நம் கட்டுரையைப் படிப்பதில்லை

அன்புள்ள ஐயா,

ஆறு மாதமாக ‘காம்ப்ளெக்ஸ் அடாப்டிவ் சிஸ்டம்’, அதாவது சிக்கலான தகவமையும் அமைப்பு, பற்றி மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இயற்பியல் படித்தவன், இப்போது தரவுப் பகுப்பாய்வு வேலை. பறவைக்கூட்டம், எறும்புப்புற்று, மூளை, பங்குச்சந்தை, நகரம் எல்லாமே ஒரே விதிகளில்தான் இயங்குகின்றன என்று தெரிந்தபோது தூக்கமே போய்விட்டது. மனித சமூகமும் ஒரு பெரிய எறும்புப்புற்றுதானே! இதை முறையாகப் படிக்க எந்தத் துறைக்குள் போகவேண்டும்? இயற்பியலா, உயிரியலா, பொருளியலா? எந்த மென்பொருளில் தொடங்கலாம்? அடுத்த பொருளாதார வீழ்ச்சியை இந்தக் கணினி மாதிரிகளால் முன்கூட்டியே சொல்ல முடியுமா? ‘இதெல்லாம் அறிவியலே இல்லை, வெறும் உவமை’ என்கிறான் என் நண்பன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் ஒரு பழைய நோட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். ஏறத்தாழ முப்பது வருடத்துக்கு முன்பு எறும்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய நோட்டு. ‘சமூகமும் ஒரு எறும்புப்புற்றுதான்’ என்ற வரியைச் சமீபமாக அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த நோட்டுதான் ஞாபகம் வரும். அந்த எரிச்சலில் இருந்த நேரம் பார்த்து நீங்களும் அதையே எழுதிவிட்டீர்கள். ஆகவே கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஒரு விஷயம் தூக்கத்தைக் கெடுப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். மென்பொருள் எதுவானாலும் சரி. இப்படிப்பட்ட மாதிரிகளை ஓட்டிப் பார்க்க உதவும் நெட்லோகோ இலவசமாகக் கிடைக்கிறது, உங்களைப் போன்றவருக்கு ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நண்பரோடு வாதாடாதீர்கள். இரண்டு மூன்று மாறிகள் உள்ள கணக்கை அறிவியல் எப்போதோ போட்டுவிட்டது, கோடிக்கணக்கான மூலக்கூறுகள் தாறுமாறாக மோதும் கணக்கைப் புள்ளியியலால் போட்டுவிட்டது, இரண்டுக்கும் நடுவில், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பின்னிக்கிடக்கும் பெரும் பரப்பு மிச்சமிருக்கிறது என்று வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1948லேயே எழுதினார். அந்தப் பரப்பில்தான் நீங்கள் நிற்கிறீர்கள். 1984ல் அமெரிக்காவில் சான்டா ஃபே நிறுவனம் என்ற ஆய்வு மையம் தொடங்கப்பட்டு இயற்பியலாளரும் பொருளியலாளரும் உயிரியலாளரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது இதற்காகத்தான். வீழ்ச்சி எந்த மாதம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பது பெரிய விஷயம், அதற்கு வருகிறேன்.

அப்புறம் அந்த எறும்புப்புற்று.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எறும்புகள் வாசனைத் தடம் போட்டு வழி கண்டுபிடிப்பதைக் கணினியில் நிரலாக எழுதியிருந்தேன். திரையில் கறுப்புப் புள்ளிகள் தாமாகவே வரிசை கட்டிப் போகும். அதைக் கொண்டுபோய் ஒரு உயிரியல் பேராசிரியையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “அழகா இருக்குப்பா. சரி, உன் எறும்புக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. “போய்ப் பார்த்துட்டு வா” என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

மூன்று நாள், மதியம் முழுக்க ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் நிமிடத்துக்கு எத்தனை போகிறது, எத்தனை வருகிறது என்று எண்ணினேன். இரண்டாம் நாள் ஈரத்துணியால் ஒரு சாண் நீளத்துக்குத் தடத்தைத் துடைத்தேன். வந்த எறும்புகள் துடைத்த விளிம்பில் நின்றன. உணர்கொம்பை இப்படியும் அப்படியும் ஆட்டின. சில திரும்பிப் போயின, சில அங்கேயே சுற்றின. கடைசியில் ஒன்று மட்டும் வளைந்து சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை மீண்டுவிட்டது. ஆனால் அந்த ஒற்றை எறும்பு போட்ட வளைவோடு மீண்டது. மறுநாளும் வளைவு அப்படியே இருந்தது. நேர்வழி திறந்தே கிடந்தது, யாரும் அதில் போகவில்லை.

இன்னொன்றும் நோட்டில் இருக்கிறது. எந்த நேரம் பார்த்தாலும் வரிசையை விட்டு விலகித் திரிகிற எறும்புகள் சில உண்டு. நான் உடைந்த பிஸ்கட் துண்டை வேறு இடத்தில் வைத்தபோது முதலில் கண்டுபிடித்தது அந்தத் திரிகிற எறும்புகளில் ஒன்றுதான். என் திரையில் ஒரு புள்ளிகூட வழி தவறியதில்லை. தவறுவதற்கு நான் இடமே வைக்கவில்லை. என் நிரல் எறும்பைப் போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பெல்ஜியத்தில் ழான் லூயி டெனுபூரின் குழு 1989ல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பின்னால் படித்தபோது என் சுவர் கண்முன் வந்தது. உணவுக்குப் போக நீளமான பாதை ஒன்று, குறுகிய பாதை ஒன்று. இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் எறும்புகள் குறுகியதில் குவிகின்றன. குறுகிய வழியில் போனது சீக்கிரம் திரும்பும், அதனால் அங்கே வாசனை சீக்கிரம் ஏறும். எந்த எறும்பும் நீளத்தை அளக்கவில்லை. ஆனால் நீளமான பாதையை மட்டும் முதலில் திறந்து, அது நிலைத்த பிறகு குறுகியதைத் திறந்தால், அந்த அர்ஜென்டினா எறும்புகள் பழைய நீளப் பாதையிலேயே மாட்டிக்கொண்டன. ‘கூட்டத்தின் ஞானம்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

பறவைக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987ல் மூன்றே விதிகளால் கணினிப் பறவைகளைப் பறக்கவைத்தார்: பக்கத்துப் பறவை மேல் மோதாதே, அது போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டுப் பிரியாதே. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள், நானும்தான். அதற்கு இருபது வருடம் கழித்து ரோம் நகரத்தில் இத்தாலிய இயற்பியலாளர்கள் ஒரு அருங்காட்சியகக் கூரையில் கேமராக்களை வைத்து, மாலையில் வானத்தில் சுழலும் ஸ்டார்லிங் பறவைகளை ஒவ்வொன்றாக முப்பரிமாணத்தில் அளந்தார்கள். 2008ல் முடிவு வந்தது. இத்தனை மீட்டருக்குள் இருப்பவை எல்லாம் என் பக்கத்துப் பறவை என்றுதான் பெரும்பாலான மாதிரிகள் வைத்திருந்தன. நிஜப் பறவையோ தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. அருகில் இருக்கும் ஆறேழு பறவைகளை மட்டும் கவனிக்கிறது, அவை ஒட்டியிருந்தாலும் விலகியிருந்தாலும். வல்லூறு பாயும்போது கூட்டம் விரிந்தாலும் அறுந்துபோகாமல் இருப்பது அதனால்தான். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்த காலத்திலும் விதி வேறாக இருந்திருக்கிறது, பாருங்கள். கூரையில் ஏறிப் பார்க்காமல் அது தெரிந்திருக்குமா?

இப்போது உங்கள் மேல் எனக்குள்ள உண்மையான கோபத்துக்கு வருகிறேன். ‘சிக்கலான தகவமையும் அமைப்பு’ என்ற பெயரில் நீங்கள் ‘சிக்கலான’ என்பதில் நின்றுவிட்டீர்கள். ‘தகவமையும்’, அதாவது பட்டறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும், என்பதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். புயலும் சிக்கலானதுதான், ஆனால் நேற்றைய தவறிலிருந்து எந்தக் காற்றும் பாடம் கற்பதில்லை. வானிலை அறிக்கையைக் கேட்டு மேகம் வழி மாறுவதில்லை. எறும்பும் உங்கள் கட்டுரையைப் படிப்பதில்லை. மனிதன் படிப்பான். படித்துவிட்டு நடத்தையை மாற்றுவான். மாற்றியதும் உங்கள் கட்டுரை பழசாகிவிடும்.

பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் 1994ல் இதை ஒரு மதுக்கடையை வைத்துச் சொன்னார். சான்டா ஃபேயில் உள்ள எல் ஃபாரோல் என்ற இடம், வியாழக்கிழமை இரவு இசை உண்டு. நூறு பேருக்குப் போக ஆசை. அறுபது பேருக்குள் வந்தால் சந்தோஷமாக இருக்கும், அதற்கு மேல் நெரிசல். யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ள முடியாது. போன வாரங்களின் எண்ணிக்கை மட்டும் தெரியும். இப்போது எல்லாரும் நம்பும்படியான ஒரே ஒரு சரியான கணிப்பைச் செய்து கொடுங்கள், பார்க்கலாம். ‘கூட்டம் குறைவாக இருக்கும்’ என்றால் நூறு பேரும் வருவார்கள். ‘அதிகம்’ என்றால் ஒருவரும் வரமாட்டார்கள். எதைச் சொன்னாலும் பொய்யாகும். ஆர்தர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு ஊகங்களைக் கொடுத்து, பொய்த்ததைக் கைவிட்டுப் பலித்ததைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கணினியில் ஓடவிட்டார். வருகை சராசரியாக அறுபதை ஒட்டி நின்றது, வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கிக்கொண்டே. உள்ளே ஊகங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தன. உங்கள் வீழ்ச்சிக் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நாளைக்குச் சந்தை விழும் என்று எல்லாரும் நம்பினால் அது இன்றைக்கே விழும்.

தொற்றுநோய்க் கணக்கிலும் இதே கதைதான். கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927ல் கொடுத்த அடிப்படை மாதிரி மக்களை மூன்றாகப் பிரிக்கும்: தொற்றக்கூடியவர், தொற்றியவர், தொற்றிலிருந்து விலகியவர். அற்புதமான கணக்கு, இன்றும் அதில்தான் தொடங்குகிறோம். ஆனால் அதில் மனிதர்கள் பயப்படுவதில்லை. செய்தி கேட்டு வீட்டுக்குள் இருப்பதில்லை, அலுத்துப்போய் வெளியே வருவதுமில்லை. கோவிட் காலத்தில் ‘இத்தனை பேர் சாவார்கள் என்றார்களே, சாகவில்லையே’ என்று கணித்தவர்களை ஏளனம் செய்தவர்களைப் பார்த்தேன். அந்த எண்ணைக் கேட்டுத்தானே பல பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்! எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது சுகமாக இருக்கும். கணிதம் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நடந்துபோவதை நானும் ரசிக்கிறேன். ஆனால் அது நடந்துபோய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்து, இங்கே ஒவ்வொரு உறுப்புக்கும் என்ன தெரியும், அது யாரைப் பார்க்கிறது, தோற்றால் எதை மாற்றிக்கொள்கிறது என்று பார்த்தாகவேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பாலித் தீவில் நெல் வயல்களுக்கு ஆற்றுநீரைப் பங்கிடுவது சுபக் எனப்படும் உழவர் சங்கங்கள். எப்போது நடுவது, எப்போது வயலைக் காயப்போடுவது என்பதை நீர்க்கோயில்கள் வழியாகப் பேசி முடிவெடுப்பார்கள். 1970களில் பசுமைப் புரட்சி வந்தது. அந்தப் பழைய முறையை விட்டு, முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்று அரசு சொன்னது. பூச்சி பெருகிப் பயிரைத் தின்றது, தண்ணீர் வரிசையும் குலைந்தது. ஸ்டீபன் லான்சிங் என்ற மானிடவியலாளர் அங்கேயே பல காலம் கிடந்து ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டார். மேல்மடைக்காரன் தண்ணீரைத் தன் இஷ்டத்துக்கு எடுக்கலாம், கீழ்மடைக்காரனுக்கு எப்போதும் அவன் தயவு வேண்டும். ஆனால் கீழ்மடைக்காரன் தனியாக வேறு காலத்தில் நட்டால் பூச்சி அங்கிருந்து கிளம்பி மேல்மடைக்கு ஏறும். சேர்ந்து நட்டுச் சேர்ந்து காயப்போட்டால் பூச்சிக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அதனால் மேல்மடைக்காரனுக்கும் கீழே இருப்பவன் தயவு வேண்டும்.

சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து அவர் இரண்டு ஆறுகளின் கரையிலுள்ள 172 சுபக்குகளைக் கணினியில் வைத்தார். கொடுத்த விதி ஒன்றுதான்: ஒவ்வொரு வருடமும் அக்கம்பக்கத்தில் நல்ல விளைச்சல் கண்டவன் எப்போது நட்டான் என்று பார், அடுத்த வருடம் அவனைப் போல நடு. தாறுமாறாகத் தொடங்கிய நடவு சில வருடங்களுக்குள் குழுக்குழுவாக ஒழுங்குபட்டது. அந்தக் குழுக்கள் நிஜத்தில் இருக்கும் நீர்க்கோயில் குழுக்களைப் பெரிதும் ஒத்திருந்தன. 1993ல் இது வெளியானது. படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயில் வலைப்பின்னலை வரைந்து கொடுத்த தலைவன் ஒருவன் இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த ஒற்றை விதியும் எறும்பிடமிருந்து கடன் வாங்கியதில்லை. வயலில் நிற்பவன் நிஜமாகவே அக்கம்பக்கத்தை எட்டிப் பார்க்கிறான், அதிலிருந்து வந்த விதி.

எந்தத் துறைக்குப் போவது என்று கேட்டிருந்தீர்கள். எதை நீங்கள் மூன்று நாள் மதியம் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பீர்களோ அந்தத் துறைக்குப் போங்கள். இயற்பியல் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது.

மென்பொருளைத் திறக்கும் முன்பு ஒரு வேலை கொடுக்கிறேன். சதுரங்கப் பலகை ஒன்று, இரண்டு வித நாணயங்கள், வகைக்கு இருபத்திரண்டு. கலைத்துப் பரப்புங்கள், இருபது கட்டம் காலியாக இருக்கும். சுற்றியுள்ள நாணயங்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இல்லாவிட்டால் அந்த நாணயம் பக்கத்துக் காலிக் கட்டம் ஒன்றுக்கு மாறும். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் 1971ல் எழுதிய இனப்பிரிவினை மாதிரியின் சாரம் இதுதான். யாருக்கும் யார் மேலும் பெரிய வெறுப்பு இல்லாதபோதே பலகை இரண்டாகப் பிரியத் தொடங்கும். அதைப் பார்த்ததும் ‘அமெரிக்க நகரங்கள் இப்படித்தான் பிரிந்தன’ என்று உங்கள் வாயில் ஒரு வரி வரும். சொல்லாதீர்கள். அங்கே 1930களிலிருந்து கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடனை மறுக்கும் அரசு விதிகளே இருந்தன, நாணயங்களுக்கு அது தெரியாது. இப்படியும் பிரியலாம் என்பது மட்டும்தான் பலகை சொல்வது.

கையால் நகர்த்துங்கள், கணினி வேண்டாம். ஒவ்வொரு நாணயத்தையும் தூக்கும்போது அது ஏன் நகர்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதி முடித்த நோட்டை எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.