வாசகர் கேள்வி: பிறவியிலேயே தீயவர்களா?

கேள்வி: மிகுபுனைவுக் (ஃபேன்டசி) கதைகளின் கற்பனை இனங்களில் எல்ஃப் என்றால் அழகும் ஞானமும், குள்ளர் என்றால் பொன்னாசையும், ஓர்க் என்றால் கொடூரமும் மட்டுமே வருவது ஏன்?

பதில்: ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954-55இல் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலும், உயிரினங்களை ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என அணி பிரித்த 1974ஆம் ஆண்டின் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டும் இவ்வழக்கம் வேரூன்றப் பெரிதும் காரணமாயின. விளையாட்டுக்கு உதவிய அப்பகுப்பு கதைக்குக் கேடானது; ஓர் இனமே பிறவியிலேயே தீயது என்று ஏற்றுவிட்டால், அவர்களைக் கொன்று குவிக்கும் நாயகன் எந்த அறக்கேள்வியையும் சந்திக்க வேண்டியதில்லை. ஓர்க்குகளின் பிறப்பைப் பற்றி டோல்கீனே பிற்காலத்தில் இறுதி முடிவுக்கு வர இயலாமல் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார் என்பதை, அவரைப் பின்பற்றுவோர் மறந்துவிடுகிறார்கள். தொன்மரபுகளோ இத்தனை குறுகியவை அல்ல: ஐரோப்பியக் கதைகளில் புதையலைக் காக்கும் டிராகன், சீன மரபில் மழை தரும் தெய்வம்.